கருப்பு முடிக்குப் பழுப்பு, நரைக்குக் கருப்பு: படத்தில் தலைமுடி நிறம் மாற்றுவோர் கேட்கும் கேள்விகள்

படங்களில் தலைமுடியின் நிறத்தை மாற்றித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. வருகிறவர்களில் ஒரு சாரார் கருப்பு முடியைப் பழுப்பாகவோ செம்பட்டையாகவோ பார்க்க ஆசைப்படுவார்கள். இன்னொரு சாரார் அப்பாவின் நரையைக் கருப்பாக்கித் தரச் சொல்வார்கள். இவர்களைத் தவிர, தாங்களே செய்துபார்த்துப் பாதியில் சிக்கிக்கொண்டு வழி கேட்பவர்கள் உண்டு. இந்தப் பக்கம் அவர்களுக்காக. பெரும்பாலும் போட்டோஷாப்பை வைத்தே சொல்கிறேன். கிம்ப் என்ற இலவச மென்பொருள், கைப்பேசி இரண்டுக்கும் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

வீடியோவில் காட்டியபடியே செய்தேன். நிறத்தைத் திருப்பும் ஹியூ ஸ்லைடரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தும் முடி கருப்பாகவே இருக்கிறது. என் கணினியில் கோளாறா?

கோளாறு எதுவும் இல்லை. அந்த வீடியோவில் வந்த பெண்ணின் முடி முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று மறுபடி போட்டுப் பாருங்கள். பொன்னிறமாகவோ வெளிர்ப்பழுப்பாகவோ இருந்திருக்கும். அதை ஒரே இழுப்பில் ஊதாவாக்கலாம். நம் முடி அப்படி அசையாது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். கருகருவென்ற முடியில் நிழல் விழுந்த இடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் 20, 18, 17 என்பது போல வரும். ஹியூவைத் திருப்பினால் அது 17, 18, 20 ஆகும். சிவப்பு சாய்ந்த கருப்பு நீலம் சாய்ந்த கருப்பாகிவிட்டது, அவ்வளவுதான். விளக்கணைத்த அறையில் அரக்குப் புடவைக்கும் பச்சைப் புடவைக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

ஆகவே கருப்பு முடியில் முதல் வேலை வெளிச்சத்தோடு. நிறம் அதற்கு அப்புறம். மேலே சொன்ன புள்ளியின் வெளிச்ச அளவு ஏறக்குறைய 18. நடுத்தரப் பழுப்பு முடியை 106, 78, 66 என்று வைத்துக்கொண்டால் அதன் வெளிச்சம் 85 வரும். பொன்னிற முடியில் 165ஐத் தொடும். 18ஐ 85க்கு ஏற்றாமல் எந்தப் பழுப்பைப் பூசினாலும் அது ஒட்டாது.

அப்படியானால் கருப்பைப் பழுப்பாக்க எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் முடியை மட்டும் செலக்ட் செய்து, லேயர்களை (படத்தின் மேல் வைக்கும் அடுக்குகளை) ஒன்றாக அடக்கும் ஒரு குரூப்பை உருவாக்கி, அந்தக் குரூப்புக்கு மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் வெள்ளையான இடத்தில்தான் திருத்தம் தெரியும், கருப்பான இடத்தில் மறையும். லேயருக்கு லேயர் தனி மாஸ்க் போட்டால், பிறகு காதோரம் ஒரு தவறைத் திருத்த நான்கு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும். குரூப்புக்கு ஒன்று போட்டால் ஒரே இடத்தில் வேலை முடிந்தது.

குரூப்புக்குள் கீழே ஒரு கர்வ்ஸ் லேயர். ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கருவிதான் கர்வ்ஸ். இதை அட்ஜஸ்ட்மென்ட் லேயராகவே வையுங்கள். 1996இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து போட்டோஷாப்பில் இருக்கும் வசதி இது. அசல் படத்தைத் தொடாமல் மேலே ஒரு கண்ணாடியை வைத்தது போல வேலை செய்யும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். கர்வ்ஸ் கோட்டின் இடது கீழ் மூலையை மேலே தூக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. அந்த மூலையைத் தூக்கினால் இழைகளுக்கு நடுவே இருக்கும் ஆழமான நிழலும் வெளுத்து, முடி சாம்பல் பூசியது போலாகிவிடும். மூலை தன் இடத்தில் இருக்கட்டும். அதற்குச் சற்று வலப்பக்கமாகக் கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்து, அதை மட்டும் உயர்த்துங்கள். நிழல் நிழலாகவே நிற்க, ஒளி பட்ட இழைகள் மேலெழும்பி வரும்.

இரண்டாவதாக, இன்னொரு கர்வ்ஸ் லேயரில் சிவப்புச் சேனலை (மூன்று எண்களில் சிவப்பை மட்டும்) கொஞ்சம் ஏற்றி, நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். பச்சையைத் தொட வேண்டாம். பழுப்பு தானாக வந்து நிற்கும். எனக்குப் பிடித்த முறை இதுதான். நிறத்தை மேலே பூசுவதற்குப் பதில் முடிக்குள்ளிருந்தே வரவழைப்பதால் இயல்பாக இருக்கும்.

பர்கண்டி, நீலம், பச்சை போன்ற நிறங்கள் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரே நிறம் நிரப்பிய சாலிட் கலர் லேயர் ஒன்றைச் சேர்த்து, அது அடியில் உள்ள படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடைக் கலர் என்று மாற்றி, ஒப்பாசிட்டியை (லேயரின் அடர்த்தியை) 40 முதல் 60 சதவீதத்துக்குள் வையுங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணுக்கு மந்தமாகத் தெரிவதையே எடுங்கள். நிறம் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் சதுரத்தில் பார்க்கும்போது அழுக்காகத் தெரியும் பழுப்புதான் தலையில் முடியாகத் தெரியும். சதுரத்தில் அழகாக இருப்பது தலையில் சாக்லேட் காகிதம் சுற்றியது போல இருக்கும்.

கலர், சாஃப்ட் லைட், ஓவர்லே என்று ஏகப்பட்ட மோடுகள் இருக்கின்றனவே. எது சரி?

கலர் மோடு, அடியில் உள்ள படத்தின் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேல் லேயரின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இழைகள் கலையாது. ஆனால் இருட்டை வெளுக்காது. முதல் கேள்விக்கே இது இன்னொரு பதில்.

சாஃப்ட் லைட், ஓவர்லே இரண்டும் நிறத்தோடு வெளிச்சத்தையும் கொஞ்சம் தொடும். நடுத்தர வெளிச்சமுள்ள முடியில் சாஃப்ட் லைட் மிக அழகாக இருக்கும். ஓவர்லே எனக்கு ஒத்துவருவதில்லை, அதட்டிப் பேசுகிற மாதிரி நிறத்தைக் கொட்டும். மல்டிப்ளை நரையைக் கருப்பாக்க. ஸ்கிரீன் வெளுக்க. மற்றவற்றை மறந்துவிடலாம்.

நிறம் வந்துவிட்டது, ஆனால் தொப்பி மாட்டியது போல இருக்கிறது. எங்கே பிசகு?

பெரும்பாலும் மினுமினுப்பில். முடியின் மேல் வெளிச்சம் பட்டுத் திரும்புவது இரண்டு வகை. ஒன்று, இழையின் மேற்புறத்திலேயே பட்டுத் தெறிப்பது. அதற்கு முடியின் நிறம் கிடையாது, விளக்கின் நிறம்தான் உண்டு. இன்னொன்று, இழைக்குள் புகுந்து நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவது. தேங்காயெண்ணெய் தடவி வாரிய தலையில் உச்சியைச் சுற்றி வெள்ளை வளையம் போல ஓடுகிறதே, அது முதல் வகை. அதன் மேலும் நாம் பழுப்பைப் பூசிவிட்டால் முடி உயிரை விட்டுவிடும்.

இதற்கு வழி, நிற லேயரின் பெயருக்குப் பக்கத்துக் காலியிடத்தில் இரட்டைக் கிளிக் செய்தால் வரும் லேயர் ஸ்டைல் பெட்டியில் இருக்கிறது. அதில் பிளெண்ட் இஃப் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். கீழ்ப்பட்டையின் வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் விசையோடு பிடித்து இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இடப்பக்கம் நகர்த்துங்கள். மிகவும் வெளிச்சமான இடங்களிலிருந்து நிறம் மெல்ல விலகிக்கொள்ளும்.

இன்னொரு பிசகு, தலை முழுவதும் ஒரே நிறமாக இருப்பது. உண்மையில் வேர்ப்பக்கம் கருமையாகவும் நுனி வெளுத்தும் இருக்கும். வெயிலும் நாளும் பட்டது நுனிதானே. மாஸ்க்கில் வேரோரம் 20, 30 சதவீத ஒப்பாசிட்டியில் கருப்பு பிரஷால் ஒரு முறை தடவிவிடுங்கள். புருவத்தையும் பாருங்கள். முடி பொன்னிறமாகவும் புருவம் மையிட்டது போலவும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். புருவத்துக்கு முடியில் செய்த மாற்றத்தில் கால் பங்கு போதும்.

ஓரத்தில் பறக்கும் பூனைமுடிகளை எப்படிச் செலக்ட் செய்வது? ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

வேண்டாம். செலக்ட் அண்ட் மாஸ்க் பகுதிக்குள் ரிஃபைன் ஹேர் என்ற பொத்தான் புதிய பதிப்புகளில் இருக்கிறது. முக்கால்வாசி வேலையை அதுவே முடித்துவிடும். மிச்சத்தை அங்கேயே இருக்கும் ரிஃபைன் எட்ஜ் பிரஷால் தடவிச் சரிசெய்யலாம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் சேனல் பகுதிக்குப் போய், மூன்றில் எதில் முடிக்கும் பின்னணிக்கும் வேறுபாடு அதிகம் என்று பார்த்து, அதை நகலெடுத்து, வெளிச்ச எல்லைகளை நெருக்கும் லெவல்ஸால் கருப்பு வெள்ளையாக இறுக்கி, முடி வெள்ளையாக வரும்படி தலைகீழாக்கி மாஸ்க்காக்கலாம். எனக்கு இன்றும் கைகொடுப்பது அதுதான்.

ஓரத்துப் புள்ளிகள் முழுக்க முடியும் அல்ல, முழுக்கப் பின்னணியும் அல்ல. இரண்டும் கலந்தவை. அதனால் வெள்ளைச் சுவரின் முன் நிற்பவரின் கருப்பு முடியை வெளுத்தால் ஓரத்தில் கருங்கோடு மிஞ்சும். மாஸ்க்கை ஓரிரு புள்ளி வெளியே தள்ளினால் அது அடங்கிவிடும். நெற்றியோரம் மட்டும் இதற்கு நேர்மாறு. அங்கே மாஸ்க் உள்ளே தள்ளி, மென்மையாக முடிய வேண்டும். இல்லாவிட்டால் சாயம் நெற்றியில் வழிந்தது போல இருக்கும்.

இனி வீடியோக்கள் சொல்லித்தராத ஒன்று. நம் கல்யாணப் படங்களில் தலை என்பது முடி மட்டும் அல்ல. மல்லிகைச் சரம், கனகாம்பரம், நெற்றிச்சுட்டி, ஜடைவில்லை, வகிட்டில் குங்குமம் எல்லாம் இருக்கும். கணினி இவற்றை முடியோடு சேர்த்தே பிடிக்கும். ஒரு மணப்பெண்ணின் கூந்தலுக்கு அடர்பழுப்பு கொடுத்துப் பெருமையாக அனுப்பிவைத்தேன். மல்லிகை முழுவதும் காய்ந்த சருகின் நிறத்தில் இருந்ததை அவருடைய பாட்டிதான் முதலில் பார்த்தார். அன்று முதல், முடியைத் தொடுவதற்கு முன் பூவையும் நகையையும் குங்குமத்தையும் மாஸ்க்கிலிருந்து கழித்துவிடுகிறேன். வகிட்டில் தெரியும் தோலையும்தான்.

வெளுத்த பிறகு முடியில் கட்டம் கட்டமாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது. ஏன்?

படம் வாட்ஸ்அப்பில் வந்ததா? அப்படியென்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. வாட்ஸ்அப் படம் ஜேபெக் என்ற சுருக்கிய வடிவில் வருகிறது. அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கருப்பு முடி முழுவதும் 5க்கும் 40க்கும் இடையில் அடைந்து கிடக்கும், அதாவது முப்பத்தைந்து படி. அதை இழுத்து 40லிருந்து 200 வரை பரப்பினால் நடுவில் பொத்தல் விழாமல் என்ன செய்யும்? ஐந்து பேருக்கு வடித்த சோற்றை முப்பது பேருக்குப் பரிமாறும் கதை. அதோடு ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும், நிறத் தகவலை வழக்கமாக வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கும். அந்தக் கட்டங்கள் அதனால் வருபவை.

கேமரா முதலில் பதியும் மூலக் கோப்பான ரா கோப்பில் 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஆசையைக் குறைத்துக்கொண்டு அடர்பழுப்போடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப் படத்தில் பொன்னிறம் வராது.

அப்பாவின் நரையைக் கருப்பாக்க வேண்டும். கருப்பு பிரஷால் தடவினேன், செருப்புக்கு பாலிஷ் போட்டது போல ஆகிவிட்டது.

சுத்தக் கருப்பை எடுத்ததால் வந்த வினை. மல்டிப்ளை மோடில் சுத்தக் கருப்பு எதன் மேல் விழுந்தாலும் கருப்புதான் மிஞ்சும், இழை என்ற ஒன்றே இருக்காது. அதற்குப் பதில் 60, 50, 45 போன்ற அடர்பழுப்பை எடுத்து, மல்டிப்ளை மோடில் ஒரு சாலிட் கலர் லேயராகப் போடுங்கள். வெள்ளையாக 255இல் இருந்த இழை 60க்கு வரும். 128இல் இருந்தது 30க்கு வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கினாலும் அழியாது. அதன் மேல் ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து, இழைகளின் வெளிச்சமான பகுதியை மட்டும் உயர்த்தினால் மினுமினுப்பு திரும்பும்.

ஹியூ ஸ்லைடர் இங்கேயும் உதவாது, ஆனால் காரணம் வேறு. நரையில் மூன்று எண்களும் ஏறக்குறைய சமம். திருப்புவதற்கு அதில் நிறமே இல்லை.

முடி அடர்ந்த தலைக்கு இவ்வளவு போதும். சிக்கல், நரைத்து மெலிந்து தோல் தெரியும் தலையில். அங்கே மாஸ்க் தோலையும் சேர்த்துப் பிடித்தால் பாலிஷ் கதைதான் மறுபடியும். நீலச் சேனலைத் திறந்து பாருங்கள். நம் தோலில் நீலம் குறைவு, நரையில் நிறையவே உண்டு. நரை 200, 200, 200 என்றும் தோல் 170, 125, 100 என்றும் வைத்தால், சிவப்பில் வித்தியாசம் 30, நீலத்தில் 100. அந்தச் சேனலின் நகலை லெவல்ஸால் இறுக்கி மாஸ்க்காக்கினால் இழைகள் மட்டும் கருக்கும், தோல் தோலாகவே இருக்கும்.

மீசை, கிருதா, புருவம், காதோர முடி இவற்றை மறந்துவிடாதீர்கள். இன்னும் ஒன்று. எழுபது வயது முகத்துக்கு இருபது வயது முடி பொருந்தாது. ஒப்பாசிட்டியை 70 சதவீதத்துக்கு இறக்கி, காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் கொஞ்சம் நரையை விட்டுவைக்கச் சொல்வேன். வீட்டில் உள்ளவர்கள் முதலில் மறுப்பார்கள், இரண்டு படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால் பெரும்பாலும் நரை விட்டதைத்தான் எடுப்பார்கள்.

கிம்ப்பில் இதெல்லாம் முடியுமா?

முடியும், காசும் வேண்டாம். கலர் மோடுக்கு ஈடாக லேயர் மோடுகளில் எச்எஸ்எல் கலர், எல்சிஎச் கலர் என்று இரண்டு உண்டு. நான் இரண்டாவதை எடுப்பேன், வெளிச்சத்தைக் கண் உணர்வதற்கு அதுதான் நெருக்கம். முடியைப் பிடிக்க ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவி. 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து கர்வ்ஸ் போன்றவற்றைப் போட்டபிறகும் திறந்து திருத்த முடிகிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் லேயரை நகலெடுத்துக்கொண்டு அதன் மேல் வேலை செய்யுங்கள்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.

ஸ்நாப்சீட் என்ற செயலி போதும். படம் முழுவதற்கும் கர்வ்ஸைப் போட்டு முடியை வெளுத்துச் சிவப்பை ஏற்றிவிடுங்கள். முகம் கோரமாகிவிடும், கவலைப்படாதீர்கள். செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, அந்தத் திருத்தத்தின் பிரஷைத் தேர்ந்தெடுத்தால் அது படத்திலிருந்து விலகும். விரலால் முடியின் மேல் தடவும் இடத்தில் மட்டும் திரும்ப வரும். நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தடவுங்கள். பூனைமுடிகளை எதிர்பார்க்காதீர்கள், விரல் விரல்தான்.

ஏஐயிடம் ஒரு வரி சொன்னாலே மாற்றித் தருகிறதே, பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு?

வேடிக்கைக்கு என்றால் தேவையில்லை. ஆனால் அது இருக்கிற முடிக்கு நிறம் தருவதில்லை, புதிதாக முடி வரைகிறது. போட்டோஷாப்பிலேயே 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லும் அப்படித்தான். நெற்றியில் விழுந்த சுருள் இடம் மாறும், தோடு உருமாறும், சில சமயம் காதே வேறொருவருடையதாகும். தெரிந்த முகம் என்றால் எங்கேயோ ஏதோ தப்பு என்று வீட்டில் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இத்தகைய செயலிகளில் பல, படத்தை வெளியிலுள்ள கணினிக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. பிறர் படமென்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

சாயம் போடுவதற்கு முன் படத்தில் பார்த்து முடிவு செய்யலாமா?

எந்த நிறம் முகத்துக்கு ஒத்துவரும் என்று தோராயமாகத் தெரியும். அந்த நிறம் உங்கள் தலையில் ஏறுமா என்பது வேறு விஷயம். படத்தில் கர்வ்ஸ் செய்ததை நேரில் பிளீச் செய்ய வேண்டும். முடிக்குள் இருக்கும் மெலனினைச் சிதைத்தால்தான் கருப்பு வெளுக்கும், அதில் முடிக்கும் சேதம் உண்டு. கணினியில் இருப்பது போல அங்கே திரும்பிப் போக ஒரு பொத்தான் கிடையாது.

பாஸ்போர்ட் படத்தில் நரையை மறைக்கலாமா?

கூடாது. மென்பொருளில் திருத்திய படத்தை ஏற்க மாட்டார்கள். சாயம் பூசிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

திரையில் நன்றாக இருந்தது, அச்சில் வேறு மாதிரி வந்துவிட்டது.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. பளீரென்ற நீலமும் ஊதாவும் மையில் மங்கும். அனுப்பும் முன் அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் ப்ரூஃப் கலர்ஸைப் போட்டோஷாப்பில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பாக்கிய நரை ஃப்ளெக்ஸுக்குப் போகிறது என்றால் முடியைத் திரையில் கொஞ்சம் வெளுப்பாகவே விடுங்கள். அங்கே நிழல்கள் ஒன்றாக அடைத்துக்கொள்ளும்.

தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படத்தில் முடி ஏற்கெனவே கருப்பாக இருக்கிறது. அவருக்கு அப்போதே நரை என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். ஸ்டுடியோக்களில் டச்சிங் என்று ஒரு வேலை நடந்தது. நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். முகச்சுருக்கத்தை அப்படித்தான் எடுத்தார்கள். கருக்க வேண்டுமென்றால் நெகட்டிவைக் கத்திமுனையால் சுரண்டுவார்கள், அல்லது அச்சிட்ட படத்தின் மேலேயே மெல்லிய பிரஷால் மை வைப்பார்கள். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடியின் மேல் பளபளப்பு விட்டுப்போயிருந்தால் யாரோ ஒருவர் உங்களுக்கு முன்பே இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

எந்த வடிவில் சேமிப்பது?

போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப். லேயர்கள் லேயர்களாகவே இருக்கட்டும். அனுப்புவதற்கு மட்டும் தனியாக ஒரு ஜேபெக். வாங்கிப் போனவர் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மட்டும் கருப்பைக் குறைக்க முடியுமா?" என்பார்.